வெள்ளை விடாத சுவர்

அந்தச் சமையலறையில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே இருந்த கோடு முதல் வருடத்தில் ஒரு சாண் நகர்ந்தது. அதே வருடத்தில் வெங்காய விலை இரண்டு தடவை ஏறி இறங்கியது, வீட்டின் சின்ன மருமகள் தன் துணிகளையெல்லாம் பிடித்துத் தைத்துக்கொண்டாள், பெரிய மருமகள் ஒன்பது வருடங்களுக்குப் பிறகு முதல் தடவையாக மல்லாந்து படுத்துத் தூங்கினாள். இவையெல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையவையா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. வெங்காயத்துக்குச் சம்பந்தமில்லை என்பது மட்டும் பின்னால் தெளிவாகிவிட்டது.

வீடு ஒரு அண்ணன் தம்பிக்குச் சொந்தம். தெருவைப் பார்த்த முன்பக்கத்தில் பம்பு மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற பட்டறை, பின்பக்கத்தில் குடித்தனம். அண்ணன் நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றுவார். தம்பி ஊரெல்லாம் அலைந்து, எரிந்துபோன மோட்டார்களைக் கழற்றி வண்டியில் கட்டிக்கொண்டு வருவான். மோட்டாரைப் பற்றிப் பேசி முடித்தால் இருவருக்கும் வேறு பேச்சு கிடையாது, அதனால் சண்டையும் கிடையாது. அவர்களுடைய மனைவிமார் இருவருக்கும் சேர்த்து ஒரே சமையலறை. பெரியவள் வாழ வந்த காலத்தில் அங்கே மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது. ஒரு ஜன்னலும் இருந்தது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தன் மாடிச் சுவரை அதன் மூக்கை இடிக்கிற மாதிரி எழுப்பிவிட்டதால் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். புகையில் பாதி சுவருக்குப் போனது, பாதி அவள் நெஞ்சுக்குப் போனது. சுவர் கறுத்தது, அவளுக்கு இழுப்பு வந்தது. மூன்று தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து, உட்கார்ந்தபடியே ஒன்பது வருடம் கண்ணயர்ந்தாள். இன்ஹேலர் எந்நேரமும் இடுப்பில் செருகியிருக்கும். ஹாஸ்டலில் தங்கிப் படித்த மகள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம், அம்மாவின் மூச்சுச் சத்தம் கேட்டால்தான் தனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது என்று கேலி பேசுவாள். பெரியவளும் சிரிப்பாள், சிரித்த பிறகு கொஞ்சம் இருமுவாள்.

சின்னவள் பிறகு வந்தவள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. குழந்தை அழுவதற்குள் ஊசியைக் குத்தி எடுத்துவிடுவாள் என்று பேர் வாங்கியிருந்தாள். அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே பெரியவள் அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, கேஸ் அடுப்பும் புகையை வெளியே இழுக்கிற ஃபேனும் வந்தால்தான் சமையலறைக்குள் காலெடுத்து வைப்பேன் என்று புருஷனிடம் ஒற்றைக்காலில் நின்றாள். இரண்டும் வந்தன. பெரியவளின் இழுப்பு அதனால் போய்விடவில்லை, ஏறாமல் நின்றது. இதைப் பெரியவள் ஒருநாளும் மறந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஓர்ப்படிகளுக்குள் இருக்க வேண்டிய பொறாமை, புறம்பேச்சு எல்லாம் அளவாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருத்திக்கு ஒருத்தி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்வார்கள்.

ஃபேன் வந்து புகை குறைந்த பிறகுதான் சுவர் எவ்வளவு கறுப்பு என்று கண்ணுக்குத் தெரிந்தது. பெயிண்ட் அடித்துவிடலாம் என்று முடிவானது. என்ன நிறம் என்பதில்தான் வந்தது வினை. பெரியவள் மஞ்சள் என்றாள். கடைக்காரர் கொடுத்த ஷேடு கார்டில் அதற்கு இளவெயில் என்று பெயர். சின்னவள் பச்சை என்றாள், அதன் பெயர் நீரோரம். இந்தப் பெயர்களையெல்லாம் வைப்பதற்கு அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்காது.

"மஞ்சளா? நாள் பூரா லேப்ல காமாலைக் கண்ணா பார்த்துட்டு வர்றேன் அக்கா. வீட்டுலயும் அதையே பார்க்கணுமா?" என்றாள் சின்னவள்.

"பச்சை அடிச்சா பாசி புடிச்ச மாதிரி இருக்கும். எவ்வளவு தேய்ச்சாலும் சுத்தமானதாவே தெரியாது" என்றாள் பெரியவள்.

கோடை தொடங்கியபோது தொடங்கிய பேச்சு மழை வந்தும் முடியவில்லை. ஷேடு கார்டு சோபாவுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் அலைந்து ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிப்போனது. பெயிண்டர் வந்து, ஆளுக்கு நாலைந்து நிறத்தை உள்ளங்கை அகலத்துக்குச் சுவரில் பூசிக் காட்டினார். சுவர் படை வந்த உடம்பு மாதிரி ஆனதே தவிர யாரும் மனம் மாறவில்லை. அண்ணன் ஒருநாள் இரக்கப்பட்டு, க்ரீம் கலர் அடித்தால் என்ன என்று கேட்டார். இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அதிலிருந்து நிறப்பேச்சு வந்தால் ஆண்கள் இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விடுவார்கள். சின்னவள் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் எளிது, அவளுக்குப் பச்சை பிடிக்கும். பெரியவளின் காரணம் வேறு. அந்த வீட்டில் அவள் கேட்டு எதுவும் வந்ததில்லை. அடுப்பு, பாத்திரம், கட்டில், நெஞ்சில் புகை எல்லாம் தானாக வந்தன, வந்ததற்கு அவள் பழகிக்கொண்டாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை இதுதான் வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கிறாள், அதைத் திரும்ப மூட அவளுக்கு மனம் வரவில்லை.

கடைசியில் தம்பிதான், ஆளுக்குப் பாதி அடித்துவிடலாம் என்றான். அடுப்பும் அலமாரியும் இருந்த பக்கம் மஞ்சள், குழாயும் தொட்டியும் இருந்த பக்கம் பச்சை. மோட்டாருக்குக் கம்பி அளக்கிற டேப்பைக் கொண்டுவந்து அண்ணனே அளந்து, நடுவில் சாக்பீஸால் கோடு கிழித்தார். கூரையிலும் கிழித்தார், எதிர்ச்சுவரிலும் கிழித்தார். பெயிண்டர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுப் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். அவருக்குக் காயட்டும் என்று தெருவில் பெயர். சம்பளம் கேட்டால் தவிர, வேறு எதைக் கேட்டாலும் காயட்டும் என்றுதான் பதில் வரும். அன்றைக்கு அவர் கொஞ்சம் அதிகமாகப் பேசினார்.

"ஒரே ரூம்ல ரெண்டு கலர் ஒட்டி நிக்கக் கூடாதும்மா. நடுவுல ஒரு விரக்கடை வெள்ளை விடணும். எங்க தொழில்ல அப்படித்தான்."

"விடலேன்னா?"

"சண்டை போடும்."

பெண்கள் இருவரும் சிரித்தார்கள். வெள்ளை விடுவதில் அவர்களுக்கு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் அந்த ஒரு விரற்கடையை யார் பக்கத்திலிருந்து எடுப்பது என்ற கேள்வி வந்தது. பெரியவள் பக்கத்தில் எடுத்தால் அலமாரியின் விளிம்பு வெள்ளைக்குள் போகும், அது அவளுடைய அலமாரி. சின்னவள் பக்கத்தில் எடுத்தால் கரண்டி மாட்டுகிற ஆணி போகும். ஆளுக்குப் பாதி விரல் எடுக்கலாமே என்று பெயிண்டர் கேட்டார். அரை விரல்தானே என்று இருவரும் சொல்லவில்லை, அரை விரல் எதற்கு என்று இருவரும் கேட்டார்கள். மத்தியானம் வரைக்கும் பேச்சு நடந்தது. பெயிண்டருக்குச் சாயங்காலம் இன்னொரு வீட்டில் வேலை இருந்தது. மஞ்சளையும் பச்சையையும் ஒட்டியே அடித்துவிட்டு, காயட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு, ஒரே அறையில் இரண்டு வீடு இருக்கிற மாதிரி இருக்கிறது என்று புகழ்ந்தார்கள்.

கோடு நகர்ந்ததை முதலில் கண்டவள் சின்னவள். பச்சையில் இருந்த கரண்டி ஆணி ஒரு காலையில் மஞ்சளில் இருந்தது. ஆணியைப் பிடுங்கி மாற்றி அடித்தீர்களா அக்கா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அடுத்த மாதம் சிரிக்காமல் கேட்டாள். அதற்கடுத்த மாதம், ஆளில்லாத நேரத்தில் டப்பாவில் மிச்சமிருந்த மஞ்சளை எடுத்துப் பூசுகிறீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டாள். பெரியவள் தன் மகள்மேல் சத்தியம் செய்தாள். இரண்டு பேரும் நான்கு நாள் பேசாமல் தனித்தனியாகப் பால் காய்ச்சினார்கள். தம்பி பென்சிலால் எல்லையில் ஒரு கோடு போட்டு, மஞ்சள் டப்பாவைப் பட்டறையில் வைத்துப் பூட்டினான். மாதக் கடைசியில் பென்சில் கோடு மஞ்சளுக்குள் இருந்தது. பெயிண்ட் கடைக்காரர் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார், விரலால் தடவினார், உரிந்தாலும் வெடித்தாலும்தான் கம்பெனி கேரண்டி, பரவினால் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது நியாயம்தான் என்று எல்லோருக்கும் பட்டது.

இந்த நாட்களில் பெரியவளுக்கு ஒன்று நடந்தது. துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனவள், மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் நடுவில் எங்கும் நிற்கவில்லை என்பதைக் கவனித்தாள். கொஞ்ச நாளில் தலையணை மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றானது. ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா சாய்ந்தவள் அப்படியே மல்லாந்து தூங்கிப்போனாள். விழித்தபோது கண்ணுக்கு நேரே கூரை இருந்தது. தன் படுக்கையறைக்கு ஒரு கூரை இருப்பதையும், அதன் மூலையில் மழைநீர் கறை ஒன்று இருப்பதையும் அவள் மறந்தே போயிருந்தாள். கறையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், சந்தோஷத்தில் அழுகை வந்தது. மூச்சுச் சத்தம் வராததால் பயந்துபோய்ப் பட்டறையிலிருந்து ஓடிவந்த கணவர், உயிர் இருக்கிறதா என்று மூக்குக்கடியில் விரலை வைத்துப் பார்த்தார். இருந்தது, முன்னைவிட நிறைய இருந்தது.

சின்னவள் மெலிந்தாள். முதலில் வளையல்கள் கழன்றன, பிறகு செருப்பு பெரிதானது. வேலை செய்யும் இடத்தில் தோழிகளே அவள் ரத்தத்தை எடுத்து எல்லாச் சோதனைகளும் செய்தார்கள். கோளாறு ஒன்றும் இல்லை. டாக்டர் முட்டை சாப்பிடச் சொன்னார். ஒருநாள் ஒரு குழந்தைக்கு மூன்று தடவை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை, குழந்தையின் அப்பா கத்திவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், பச்சைச் சுவரில் சாய்ந்துகொண்டால் கொஞ்சம் தெம்பாக இருக்கிறது என்றாள். மறுவாரம் குழாயடியிலேயே மயங்கி விழுந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த பெரியவள், அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது மஞ்சள் குழாயைத் தாண்டியிருப்பதைப் பார்த்தாள். அன்று காலை எழுந்தபோது தன் நெஞ்சு எவ்வளவு லேசாக இருந்தது என்பதும் அப்போதே நினைவுக்கு வந்தது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் முதலில் வந்தது பயம் இல்லை. இது இத்தோடு நின்றுவிடுமோ என்ற கவலைதான் முதலில் வந்தது. வெட்கம் அதற்குப் பிறகு வந்தது, வந்த பிறகு போகவும் இல்லை. ஆனாலும் அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அடுத்து மழைக்காலம், வருடா வருடம் அவள் மூச்சுக்குத் தவிக்கிற காலம். அந்த வருடம் மழைக்காலம் முழுக்க அவள் இன்ஹேலர் எங்கே கிடக்கிறது என்றே தேடவில்லை.

தம்பி தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊரின் மறுகோடியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்ப் பார்த்தான். கோடு சமையலறையில் இருந்தபடியே அவளைத் தின்றது. வாடகை வீட்டில் சாய்ந்துகொள்ளப் பச்சைச் சுவரும் இல்லாததால் அவள் இன்னும் வேகமாக இளைத்தாள். ஒரு மாதத்தில் திரும்பி வந்தார்கள். வேலையை விட்டாயிற்று. வந்ததும் அவள் உப்புத்தாளை எடுத்து, நிற்கத் தெம்பில்லாமலே எழுந்து நின்று, தன் பக்கத்துச் சுவரில் ஏறியிருந்த மஞ்சளைத் தேய்த்தாள். தேய்த்த இடத்தில் பச்சை தெரிந்தது. சாயங்காலத்துக்குள் காய்ச்சின பாலில் ஆடை படிகிற மாதிரி மஞ்சள் மறுபடியும் மூடிக்கொண்டது. தம்பி தேய்த்தான், அதுவும் மூடிக்கொண்டது. பெரியவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் தேய்க்கட்டுமா என்று அவள் கேட்கவில்லை, அவளைக் கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

மறுபடியும் பெயிண்டரை வரவழைத்தார்கள். ஆண்கள் பட்டறையில் ஒரு அவசர மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் சமையலறையை ஒட்டிய அறையில் கட்டிலில் படுத்திருந்தாள். பெயிண்டர் சுவரில் காதை வைத்துக் கேட்டார், நகத்தால் சுரண்டி வாயில் வைத்துப் பார்த்தார். இப்படி இரண்டு வீடுகளில் பார்த்திருப்பதாகச் சொன்னார். அந்த வீடுகளில் என்ன ஆயிற்று என்று பெரியவள் கேட்டாள், அவர் நகத்தில் ஒட்டியிருந்த மஞ்சளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"முழுசா மஞ்சள் அடிச்சா அந்தம்மா போயிடும். முழுசா பச்சை அடிச்சா உங்களுக்கு மூச்சு நின்னுடும். வேற கலர் அடிச்சா ரெண்டு பேருக்குமே இடமில்லை."

"சுவரை இடிச்சுட்டா?"

"கலர் சுவர்லயா இருக்கு இப்போ?" என்றார் அவர். "யாரு கேட்டு வாங்கின கலரோ, அவங்க கையாலதான் அதை எடுக்க முடியும். நீங்க எடுத்தா நிக்கும். எவ்வளவு எடுக்கிறீங்களோ அவ்வளவுக்கு அந்தம்மாவுக்கு உயிர் வரும். உங்களுக்கு என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்லை."

எப்போது எடுக்க வேண்டும் என்று பெரியவள் கேட்டாள். பெயிண்டர் ஒரு கட்டு உப்புத்தாளை மேடையில் வைத்தார். அவர் காயட்டும் என்று சொல்லாமல் போனது அன்றைக்கு ஒருநாள்தான். பட்டறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த கணவரிடமும் தம்பியிடமும், வேறு நிறம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார், எல்லோருக்கும் ஒத்துப்போகிற நிறமாக நிதானமாகப் பார்க்கச் சொன்னார் என்று பெரியவள் சொன்னாள். இப்படியாக மறுபடியும் நிறம் தேர்ந்தெடுக்கும் வேலை தொடங்கியது.

தம்பி ஊரில் இருந்த எல்லாக் கம்பெனி ஷேடு கார்டுகளையும் வாங்கி வந்தான். பெரியவள் தினமும் காலை வேலைகளை முடித்துவிட்டு, கார்டுகளோடு சின்னவளின் கட்டிலில் போய் உட்கார்வாள். இருவரும் ஒவ்வொரு நிறமாகப் பார்த்தார்கள். சாம்பல் வேண்டாம், மனசு சோர்ந்துபோகும். ஊதா சாப்பாட்டு நேரத்துக்கு ஆகாது. செங்கல் நிறம் நன்றாக இருக்கிறது, ஆனால் அறை சின்னதாகத் தெரியும். சின்னவள் ஒரு மறுப்பும் சொல்லாமல் கூடவே பார்த்தாள், நீலத்தில் இது கொஞ்சம் தூக்கல் அக்கா, அடுத்ததைக் காட்டுங்கள் என்பாள். அடுப்பு மேடைக்கு எது, கதவுக்கு எது, கூரையை வெள்ளையாக விடலாமா என்றெல்லாம் பேசினார்கள். பல வருடம் ஒரே அறையில் சமைத்தவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு விஷயத்தைப் பேசியது அதுதான் முதல் தடவை. கார்டைப் பிடிக்கச் சின்னவள் கையில் வலுவில்லாமல் போனபோது பெரியவள் பிடித்துக் காட்டினாள். கண்ணைத் திறந்து பார்க்கவும் தெம்பில்லாமல் போனபோது, நிறங்களின் பெயரை வாசித்துக் காட்டினாள். அடுத்த அறையில் பச்சை, தொட்டிக்குக் கீழே ஒரு தட்டு அகலத்துக்கு வந்து நின்றது.

ஒரு காலையில், அந்திச்சாரல் என்றொரு நிறத்தைப் பெரியவள் வாசித்துக்கொண்டிருந்தபோது சின்னவள் கண்ணைத் திறந்தாள்.

"அக்கா, அன்னைக்குக் கதவு திறந்துதான் இருந்துச்சு" என்றாள்.

பெரியவளுக்கு முதலில் எந்தக் கதவு என்று புரியவில்லை. பெயிண்டர் பேசிய அன்று இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த கதவு என்று புரிந்ததும் கார்டை மூடினாள். வாசிப்பதை ஏன் இத்தனை நாள் நிறுத்தச் சொல்லவில்லை என்று கேட்க நினைத்தாள், அதற்கும் பதில் அவளுக்கே தெரிந்திருந்தது. கேட்டு வாங்குவது ஒன்று, தானாகத் தருவது ஒன்று. சின்னவள் இரண்டாவதற்காகக் காத்திருந்திருக்கிறாள். பெரியவள் எழுந்து போனாள். சமையலறைக் கதவை உள்பக்கமாகத் தாழிட்டுக்கொண்டு, உப்புத்தாளை எடுத்து, தொட்டிக்கு மேலே தேய்க்கத் தொடங்கினாள். மஞ்சள் தூளாக உதிர்ந்து அவள் முழங்கை வரை ஒட்டியது. ஒரு சாண் தேய்ப்பதற்குள் நெஞ்சுக்குள் பழைய விசில் கேட்டது. இரண்டாவது சாணில் வியர்த்துக்கொட்டியது. மூன்றாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். பக்கத்து அறையில் சின்னவள் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்று சொல்வது கேட்டது. தம்பி ஓவென்று அழுதான். அன்றிரவு பெரியவள் மூன்று தலையணைகளைத் தேடி எடுத்து முதுகுக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் கணவர் தூங்காமல் விழித்துக் கிடந்தார். அவள் கைகளில் இருந்த மஞ்சள் தூளை அவர் பார்த்திருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய மூச்சில் அவரும் ஒன்பது வருடம் தூக்கம் கெட்டவர்.

சின்னவள் ஒரு வாரம் வீட்டுக்குள் நடந்தாள். மஞ்சள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, ஏனென்றால் வருவதுதான் அதன் குணம். பெரியவள் அதைத் தினமும் பார்த்தாள், உப்புத்தாளைத் தொடவில்லை. மூன்று தலையணையில் ஒன்று போனது, பிறகு இன்னொன்று போனது. சின்னவள் நடையிலிருந்து உட்காருவதற்கும், உட்காருவதிலிருந்து படுக்கைக்கும் வந்தாள். சோறு இறங்காத நிலை வந்ததும் பெரியவள் மறுபடியும் கதவைத் தாழிட்டுக்கொண்டு தேய்த்தாள், இந்தத் தடவை ஒரு சாண் மட்டும். அதிலும் இழுப்பு வந்தது. அடுத்த தடவை அதைவிடக் குறைவாகத் தேய்த்தாள். உப்பு போடுவதற்குக் கை தானாக அளவு பழகிக்கொள்கிற மாதிரி, எவ்வளவு தேய்த்தால் தனக்கு விசில் வராமலும் சின்னவளுக்கு உயிர் போகாமலும் இருக்கும் என்பதற்கு அவள் கை சில மாதங்களில் அளவு பழகிக்கொண்டது. அது ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு. அந்த அளவுக்குள் பச்சை இருந்தால் சின்னவளால் பேச முடியும், ஊட்டினால் விழுங்க முடியும், மற்றதெல்லாம் முடியாது. பெரியவளால் மல்லாந்து படுக்க முடியும்.

அதன்பிறகு வருடங்கள் போயின. மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போனாள், வீட்டுக்கு வந்தால் மூச்சுச் சத்தம் இல்லாமல் தனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்று சொன்னாள், பிறகு அதற்கும் பழகிக்கொண்டாள். அண்ணனுக்கு நெற்றி ஏறியது. தம்பி பட்டறையின் பாதி வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டான், ஊர் சுற்றுவது குறைந்தது, சாப்பாட்டு நேரத்தில் மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு எரிந்த மோட்டார்களைப் பற்றிச் சொல்வான். அவனுக்கு விஷயம் தெரியுமா என்று தெருவில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும், தட்டளவு பச்சையைத் தேய்த்துக் காப்பாற்றுகிற கை அண்ணியுடையது, அந்தக் கையைக் கோபித்துக்கொள்ள அவனுக்கு வழியில்லை. உறவுக்காரர்கள் எல்லோரிடமும், எங்கள் அண்ணி இல்லையென்றால் இவள் என்றைக்கோ போயிருப்பாள் என்று சொல்லுவான். அது உண்மை, அதனால்தான் அவன் குரல் தழுதழுக்கும். தெருவும் அதையே சொன்னது. மருமகள்களுக்குள் சண்டை வந்தால் இந்த வீட்டைக் காட்டி, கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று பேசினார்கள். பெரியவள் அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் வேறு வேலை இருப்பது மாதிரி உள்ளே போய்விடுவாள். தன்னடக்கம் என்று அதற்கும் ஒரு பேர் கிடைத்தது. சமையலறைக்கு வந்தவர்கள், மஞ்சள் வெளிச்சமாக இருக்கிறதே, நல்ல நிறமாகப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள் என்பார்கள். தொட்டிக்குக் கீழே இருந்த பச்சையை யாராவது கவனித்துக் கேட்டால், அது சின்னவளுடையது என்று சொல்லுவார்கள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் மதியம் பெரியவள் வழக்கம்போலக் கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காலையில்தான் தேய்த்திருந்தாள், அதனால் சின்னவளின் குரல் கொஞ்சம் தெளிவாக இருந்தது.

"அக்கா, இன்னும் ரெண்டு கையகலம் தேய்ச்சீங்கன்னா நான் எந்திரிச்சு வாசல் வரைக்கும் போயிடுவேன்."

இத்தனை வருடங்களில் அவள் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரியவள் கிண்ணத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தாள். ஆகட்டும் என்று சொல்லிவிட்டு மறந்துபோனது மாதிரி இருந்துவிடலாம். பொய் சொல்ல அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"போயிடுவே. எனக்கும் தெரியும்" என்றாள். "ஆனா எனக்குப் படுக்க முடியாது."

"கொஞ்சமாச்சும் முடியாதா?"

"இப்ப விட்டிருக்கிறதுதான் என்னால முடிஞ்சது."

சின்னவள் கூரையைப் பார்த்தாள். கணக்கில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பவள் மாதிரி இருந்தது அவள் முகம். பட்டறையில் சரியாகிவிட்ட ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"சரி அக்கா" என்று சொல்லி வாயைத் திறந்தாள்.

கஞ்சி சூடாக இருந்தது. பெரியவள் ஒரு கரண்டி எடுத்து, நன்றாக ஊதி ஆற்றி, அவள் வாயில் ஊட்டினாள்.